கேளாது வந்த பதிலாள்

ப்ராக்ஸி என்னும் சொல்லைக் கல்லூரி மாணாக்கர்க்கு யாம் பொருள் விரித்துக் கூறவேண்டுவதில்லை. வகுப்பில் வருகைப் பதிவு நடக்குங்கால், வாராத தோழனுடைய எண்ணைக் கேட்டவுடன் பின்வரிசையிலிருந்து குரலை மாற்றி 'உள்ளேன் ஐயா' என்று விடையிறுப்பானே, அவனே ப்ராக்ஸி. தமிழிற் பதிலாள் என்னலாம். அவனால் ஆசிரியர்க்கு நேரும் ஏமாற்றம் சிறிது. சின்னாளில் அகப்பட்டுத் தண்டமும் இறுப்பான். ஆயினும் அப்பதிலாளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. எவன்பொருட்டு அவன் விடை கூறுகின்றானோ அவன் அதனை அறிவான். பெரும்பாலும் அவனே வேண்டிக்கொண்டதும் ஆகும். இவ்விலக்கணம் சிறிதும் பொருந்தாத மற்றொரு பதிலாள் நம் இல்லங்களுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்றல் கூடும். அவனை எவரும் அழைத்திலர். அவன் நிற்பதை வீட்டார் அறியார். அவன் செய்த பிழைக்கோ வீட்டாரே பழி சுமப்பர். இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தார் தம்மிடத்தில் வைக்கும் ப்ராக்ஸி சர்வரையே குறிக்கின்றோம். அதனை வைத்தல் தவறு என்பது எம் கருத்தன்று. வைத்ததை மறைத்தல் தவறு என்பதே யாம் ஈண்டு வற்புறுத்தப் புகுந்தது.

இக்கருத்து எமக்கு நூல் கற்றுப் பிறந்ததன்று. வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பினாற் பிறந்தது. எம் தமக்கையார் முதுகலைத் தேர்வில் ஒரு தாளில் மட்டும் தவறினார். அத்தாளை நன்கு எழுதியிருந்தமையின் மறுமதிப்பீடு வேண்டுவதெனத் துணிந்தார். பல்கலைக்கழக வலைத்தளத்தில் அதற்கென இருந்த பக்கத்தில், 'விண்ணப்பிக்கும் நாள் பின்னர் அறிவிக்கப்படும்' என்னும் ஒருவரி இரண்டு திங்களாக மாறாது கிடந்தது. தமக்கையார் காலையும் மாலையும் அப்பக்கத்தைத் திறந்து பார்ப்பார், அவ்வரியே நிற்கும். ஒரு வியாழக்கிழமை இரவில் அவருடைய தோழியார் தொலைபேசியில் அழைத்து, 'நேற்றே திறந்துவிட்டார்கள், நாளை மாலை ஐந்து மணியோடு முடிகிறது, நீ அனுப்பிவிட்டாயல்லவா?' என்று வினவினார். தமக்கையார் திடுக்கிட்டுப் பக்கத்தைத் திறந்தார். 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றே அது கூறிற்று.

அதன்பின் எம் வீட்டில் நடந்தவை இந்நாட்டில் எத்துணையோ வீடுகளில் நடப்பவையே. கணினியிற் பார்த்தனர், தந்தையார் கைப்பேசியிற் பார்த்தனர், அன்னையார் கைப்பேசியிலும் பார்த்தனர். மூன்றும் ஒரே வரியைக் காட்டின. நிறுவனத்தாரின் உதவி எண்ணுக்குப் பேசியபொழுது, ரூட்டரை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் போடுமாறு பணித்தனர். அவ்வாறு நான்கு முறை செய்தாயிற்று. வெள்ளி காலையில் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வந்தார். ரூட்டர் பழையது என்றார். 1,900 ரூபாய் பெற்றுக்கொண்டு புதியது ஒன்றை மாட்டினார். புதிய ரூட்டரும் பழைய வரியையே காட்டியது. 'அப்படியாயின் தளத்தில்தான் பழுது; எல்லார்க்கும் இப்படியே இருக்கும்' என்று கூறிச் சென்றார். தமக்கையார் மனம் ஒப்பாது, நண்பகலில் எம் ஊர்க் கடைத்தெருவில் உள்ள கணினி நிலையத்திற்கே சென்று பார்த்தார். அங்கும் அவ்வரியே! வேறு இடம், வேறு கணினி. ஆயினும் விடை ஒன்று. இனி ஐயுறுதற்கு இடம் யாது? தோழியார் ஏதோ தவறாகக் கூறினார் என்று எண்ணி வீடு திரும்பினார். மாலை ஐந்து மணி அடித்தது.

யாம் விடுதியினின்று ஊர் சென்றது மறுநாட் சனிக்கிழமை. செய்தியை முன்னரே கேட்டிருந்தமையால், பேருந்து நிலையத்தில் இறங்கியவுடன் எம் கைப்பேசியில் அப்பக்கத்தைத் திறந்தோம். 'விண்ணப்பிக்கும் காலம் முடிவுற்றது' என்றிருந்தது. பத்து நிமிட நடையில் வீட்டை அடைந்து, அதே கைப்பேசியில் அதே பக்கத்தை மீண்டும் திறந்தோம். 'விண்ணப்பிக்கும் நாள் பின்னர் அறிவிக்கப்படும்.' கருவி ஒன்று, முகவரி ஒன்று, விடை மட்டும் இரண்டு. மாறியது வழி ஒன்றே: பேருந்து நிலையத்தில் மொபைல் டேட்டா, வீட்டில் வைஃபை. எம் வீடு பள்ளத்தில் உள்ளது. மொபைல் அலை உள்ளே நன்கு எட்டாது. ஆதலின் வீட்டிலுள்ள கைப்பேசிகள் யாவும் வைஃபையையே பற்றிக்கொள்ளும். மூன்று கருவிகளிற் பார்த்தோம் என்று வீட்டார் எண்ணியது, உண்மையில் ஒரு வழியை மூன்று முறை பார்த்ததேயாகும். கணினி நிலையமோ? அதுவும் அந்நிறுவனத்தாரிடமே இணைப்புப் பெற்றிருந்தது.

இதனை யாம் விரித்துரைத்தது ஒரு காரணம் பற்றி. வீட்டில் இணையம் பிழைபட்டால் நாம் இயல்பாக மாற்றிப் பார்ப்பது கருவியை. இத்தகைய பிழையை அது காட்டாது. மாற்றிப் பார்க்கவேண்டுவது வழியை. அதாவது வேறொரு நிறுவனத்தார் வழங்கும் இணைப்பை. அண்டை வீட்டார் வேறு நிறுவனத்தாரிடம் இணைப்புப் பெற்றிருப்பின், ஐந்து நிமிடம் அவர் திண்ணையிலிருந்து பார்ப்பது புதிய ரூட்டர் வாங்குவதினும் நன்று, செலவும் இல்லை.

இனி அப்பதிலாள் யாவன், எவ்வாறு தோன்றினான் என்பதனையும் நடுநிலை பிறழாது கூறுதல் வேண்டும். வலைப்பக்கம் ஒன்றை நாம் வேண்டும்போது, நம் கணினி தொலைவிலுள்ள சர்வரோடு நேரே பேசுதல் இயல்பு. நடுவே ஒரு பொறி நின்று, நம் வேண்டுகோளைத் தான் ஏற்று, தானே அச்சர்வரிடம் கேட்டு, பெற்ற விடையை நமக்கு அளிப்பின் அதுவே ப்ராக்ஸி. பெற்ற விடையின் படி ஒன்றைத் தன்னிடத்தும் சேமித்து வைத்து, அடுத்து ஒருவர் அதனையே வேண்டும்போது தொலைவு செல்லாது அப்படியையே கொடுப்பதும் உண்டு. இச்சேமிப்பைக் கேஷ் என்பர். உலகளாவிய வலை பிறந்த செர்ன் ஆய்வகத்தின் சர்வர் மென்பொருளிலேயே 1994 ஆம் ஆண்டளவில் இவ்வசதி இருந்தது. 1996 இல் ஸ்குவிட் என்னும் மென்பொருள் வந்தது; விலையின்றிக் கிடைப்பது; இன்றும் வழக்கில் உள்ளது. அக்காலத்தில் தொலைவழிக் கம்பிகள் குறுகியவை, கட்டணமோ மிகுதி. இந்தியாவிற் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியபொழுது, தொலைபேசிவழி இணைந்தோர் பலர்க்கு நொடிக்கு 9.6 கிலோபிட் வேகமே வாய்த்தது. ஆயிரம் வீட்டார் ஒரே செய்தித்தாளின் முகப்பை வேண்டினால், அதனைக் கடல் கடந்து ஆயிரம் முறை கொணர்தல் அறிவுடைமையாகுமா? ஒருமுறை கொணர்ந்து ஆயிரவர்க்கும் பகிர்ந்தளிப்பது சிக்கனம். ஆதலின் கேஷ் வைத்தோரை யாம் இகழ்கின்றிலேம். ஊர்ப் பொதுக்குளம் போன்றது அது.

ஆனால் குளத்து நீர் புதியதோ பழையதோ என்பதைக் கண்டு அறியலாம். சேமித்த பக்கத்தை அவ்வாறு அறிய இயலாது. ஒரு பக்கம் எத்துணை நாள் செல்லுபடியாகும் என்று மூலச் சர்வர் கூறியிருப்பின் இடர் இல்லை. கூறாதவிடத்துப் பதிலாள் தானே ஊகிக்கும். அப்பக்கம் கடைசியாக மாற்றப்பட்டு எத்துணை நாளாயிற்று எனக் கணக்கிட்டு, அதிற் பத்திலொரு பங்கு காலத்துக்கு அதனைப் புதியது என்று கொள்ளுதல் வழக்கமான முறைகளுள் ஒன்று. நெடுநாள் மாறாதது இன்னுஞ் சின்னாள் மாறாது என்பது அதன் துணிபு. பெரும்பாலும் மெய்யே. எம் பல்கலைக்கழகப் பக்கம் அறுபது நாள் மாறாது கிடந்தது; பத்திலொரு பங்கு ஆறு நாள்; விண்ணப்பத்துக்குத் திறந்து வைத்ததோ மூன்றே நாள். கணக்கு எங்ஙனம் பொருந்திற்று, காண்மின்!

அங்ஙனமாயின், பக்கத்தைப் புதிதாக ஏற்றும் பொத்தானை அழுத்தினால் ஆகாதோ எனின், முறைப்படி ஆதல் வேண்டும். அவ்வாறு அழுத்தும்போது, சேமித்ததைத் தாராது மூலத்தைக் கேட்டு வருக என்னும் குறிப்பு நம் பிரௌசரினின்றும் செல்கிறது. அக்குறிப்பைப் புறக்கணிக்குமாறு பதிலாளைப் பணிக்கும் அமைப்பு ஒன்று ஸ்குவிட்டில் உண்டு. அவ்வாறு செய்வது எச்.டி.டி.பி. நெறியை மீறுவதாகும் என்று அம்மென்பொருளின் கையேடே எச்சரிக்கின்றது. எச்சரிக்கையைப் படிப்போர் சிலர். சிக்கனத்தை விரும்புவோர் பலர். தமக்கையார் இருநாளில் எத்துணை முறை அப்பொத்தானை அழுத்தினார் என்பதை யாம் எண்ணப் புகவில்லை.

தூதரிற் கூறியது கூறுவான் என்றும் தான் வகுத்துக் கூறுவான் என்றும் இருவகையினரை நம் உரையாசிரியர் வகுத்துக் காட்டுவர். பின்னவன் முன்னவனினும் சிறந்தவன். ஏனெனின் அவன் தன் அரசனது உள்ளம் அறிந்து, அவன் ஏவலால், அவன் நலங்கருதிப் பேசுபவன். நம் பதிலாளும் தான் வகுத்தே கூறுகின்றான். ஆனால் யாருடைய ஏவலால், யாருடைய நலங்கருதி?

சனி முற்பகலில் யாம் செய்த ஆய்வை இனிச் சொல்லுவாம், பயன்படுவோர்க்குப் பயன்படுக. முதற்கண், அப்பக்கத்தின் முகவரி இறுதியில் ஒரு கேள்விக்குறியும் ஏதோ ஓர் எண்ணும் சேர்த்துத் திறந்தோம். மூலச் சர்வர் அதனைப் பொருட்படுத்தாது. பதிலாளோ அதனை வேறொரு முகவரி எனக் கருதித் தன் சேமிப்பில் தேடி, காணாமையால் மூலத்துக்கே செல்லும். உடனே எம் வீட்டு வைஃபையிலேயே உண்மைப் பக்கம் தோன்றிற்று. 'விண்ணப்பிக்கும் காலம் முடிவுற்றது.' வியாழன் இரவில் ஒரு கேள்விக்குறியை அறிந்திருந்தால் தமக்கையார் விண்ணப்பித்திருப்பார். அவர் அருகில் நின்று அதனைப் பார்த்தார். ஒன்றுங் கூறாது உள்ளே சென்றார்.

அடுத்து, கணினியில் எஃப் 12 என்னும் பொத்தானை அழுத்தி, நெட்வொர்க் என்னும் பகுதியில், வந்த விடையின் தலைப்பு வரிகளை நோக்கினோம். அவற்றுள் ஏஜ் என்றொரு வரி இருந்தது. சேமிப்பில் அப்படி வைக்கப்பட்டு எத்துணை நொடி கழிந்தது என்பதைக் காட்டுவது அது. எம் பக்கத்தில் 3,31,200 என்றிருந்தது. அஃதாவது 92 மணி. சனி காலை பத்து மணியினின்று பின்னோக்கி எண்ணினால் செவ்வாய் பிற்பகல் இரண்டு மணி. விண்ணப்பம் திறந்ததோ புதன் காலை. மூலச் சர்வருக்கு முன்னாற் சேமிப்புச் சர்வர் ஒன்றைத் தளத்தாரே வைத்திருப்பினும் இவ்வரி வருதல் உண்டு; ஆதலின் இது மட்டும் போதிய சான்றன்று. பேருந்து நிலையத்து விடை வேறாக இருந்தமையையும் உடன்வைத்து நோக்குக.

மூன்றாவதாகச் செய்த சோதனையே எமக்கு மிகவும் பிடித்தது. இணைய முகவரிகளுள் 192.0.2.0 முதல் 192.0.2.255 வரை உள்ள 256 எண்களும் நூல்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 2010 சனவரியில் வெளியான ஒரு நெறிக்குறிப்பு இதனை உறுதி செய்கின்றது. அம்முகவரிகளில் எந்தக் கணினியும் இராது. ஆதலின் 192.0.2.1 என்று பிரௌசரில் இட்டால், முன்னே எச்.டி.டி.பி. என்றே இட்டால், நெடுநேரம் காத்திருந்து விடையின்றி ஓய்தல் வேண்டும். எம் வீட்டிலோ நொடியில் ஒரு பக்கம் வந்தது. 'இணைப்புப் பெற இயலவில்லை' என்று ஆங்கிலத்தில் அறிவித்து, அடியிலே எம் நிறுவனத்தாரின் பெயர் தாங்கிய ஒரு சர்வரின் பெயரையும் காட்டியது. வீடே இல்லாத தெருவில் இல்லாத கதவைத் தட்டினோம். உள்ளிருந்து 'அவர் வீட்டில் இல்லை' என்று ஒருவர் விடையளித்தார்! அவர் யாவர்? அவரே பதிலாள்.

இன்னும் ஒரு முறை உண்டு. நம் இணைய முகவரியை நமக்கே காட்டும் தளங்களை ஒருமுறை எச்.டி.டி.பி. வழியாகவும் ஒருமுறை எச்.டி.டி.பி.எஸ். வழியாகவும் திறந்து, இரண்டு எண்ணும் வேறுபடுமாயின் நடுவே ஒருவர் உளர் என்க. வேறுபடாவிடினும் இல்லை என்று துணிதல் கூடாது. நம் முகவரியையே தான் பூண்டு செல்லும் பதிலாளும் உளன்.

இத்தகைய பதிலாளை ஆங்கிலத்தில் டிரான்ஸ்பரண்ட் ப்ராக்ஸி என்று பெயரிட்டு வழங்குகின்றனர். அச்சொல்லுக்கு ஒளிவுமறைவின்மை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆட்சியாளர் தம்மைப் புகழ்ந்துகொள்ளுங்கால் அப்பொருளையே கொள்வர். ஈண்டோ கண்ணாடிபோற் கண்ணுக்குப் புலனாகாதது என்பதே பொருள். ஒரு சொல் தன் எதிர்ப்பொருளையும் தானே தாங்கி நிற்பது மொழிநூல் பயில்வார்க்கு இன்பந்தரும் செய்தி. வீட்டில் இணையம் பெறுவார்க்கு அவ்வின்பம் இன்று.

ஒரு சிற்றூரில் ஒரு சிறு நிறுவனம் செய்த பிழையைக் கொண்டு பொதுவிதி கூறலாமோ என்று ஐயுறுவார் உளராயின், இங்கிலாந்தில் 2008 ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்ததனை நோக்குக. அந்நாட்டில் இணையக் கண்காணிப்பு நிறுவனம் ஒன்று, சிறாரைப் பற்றிய தகாத படங்கள் உள்ள பக்கங்களின் பட்டியலைத் தொகுத்து இணைப்பு வழங்குவோர்க்கு அளித்து வருகின்றது. நோக்கம் நல்லது, அதனைக் குறைகூறுவார் இலர். 1976 இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் உறைப்படம் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை இருந்தது. டிசம்பர் 5 அன்று அப்பக்கம் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நாட்டின் பெருநிறுவனங்கள் பல அதனைத் தடுத்தன.

தடுத்த முறையே நமக்கு வேண்டுவது. எல்லாப் போக்குவரத்தையும் ஆராய்வது அரிது. ஆதலின் பட்டியலிலுள்ள பக்கம் எந்தத் தளத்தில் உள்ளதோ அத்தளத்துக்குச் செல்லும் வேண்டுகோள்களை மட்டும் பிரித்து ஒரு பதிலாளிடம் திருப்பிவிடுவர். அது குறித்த பக்கத்தைத் தடுத்து ஏனையவற்றை விடும். 2004 இல் அந்நாட்டுப் பெருநிறுவனம் ஒன்று இவ்விருநிலை முறையைக் கிளீன்ஃபீடு என்னும் பெயரில் ஏற்படுத்தியது. சிறு தளங்களுக்கு இதனால் வரும் இடர் புலப்படாது. விக்கிப்பீடியாவோ கோடிக்கணக்கானோர் புகும் தளம். நாடெங்கும் உள்ள வாசகர் அத்தளத்துக்குச் செல்லும்போது மட்டும் ஒருசில பதிலாட்களின் முகவரியைப் பூண்டு சென்றனர். யாரேனும் ஒரு குறும்பன் கட்டுரையைச் சிதைத்தால், அவன் முகவரியைத் தடுத்து வைப்பது அத்தளத்தின் வழக்கம். இப்பொழுது அவன் முகவரியும், அவனை அறியாத பல்லாயிரவர் முகவரியும் ஒன்றேயன்றோ? ஆதலின் பெயர் பதியாது கட்டுரை திருத்துவோர் பலர் ஒருங்கே தடையுண்டனர். நேற்றுவரை திருத்தியவர்க்கு இன்று தடை. செய்த குற்றம் யாதென அவரே அறியார். ஏனைய தளங்கள் யாவும் நன்றாக இயங்கின. ஒரு தளம் மட்டும் பிழைபடுமாயின் அத்தளத்தையன்றி வேறு எதனை ஒருவர் ஐயுறுவார்? தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறக்க முயன்றோர்க்கு, 'தடுத்துள்ளோம்' என்று கூறாமல் '404, அப்படியொரு பக்கம் இல்லை' என்று பொய்யுரை காட்டிய நிறுவனங்களும் இருந்தன. டிசம்பர் 9 அன்று அப்பக்கம் பட்டியலினின்று நீக்கப்பட்டது.

இதற்கு ஈராண்டு முன்னர், 2006 இறுதியில், கத்தார் நாட்டினர் இதனையே பட்டனர். அந்நாட்டு இணையப் போக்கு ஏறக்குறைய முழுவதும் ஒரே முகவரி பூண்டு வெளிவந்தது. விக்கிப்பீடியாவில் அம்முகவரியைத் தடுத்தவுடன் ஒரு நாடே தடையுண்டது. பிழை உணர்ந்து விரைவில் நீக்கினர். உண்மையில் எந்த முகவரியினின்று வேண்டுகோள் வந்தது என்பதை ஒரு தலைப்பு வரியில் எழுதி அனுப்பும் வழி பதிலாட்களுக்கு உண்டு. எழுதினால் குறும்பனை மட்டும் பிரித்துத் தடுக்கலாம். எழுதாது விடுதலே இடர்.

இவையெல்லாம் பழங்கதை என்பாரும் உளர். இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறைகுறி முறைக்கு மாறிவிட்டன; இடைநிற்பவன் உள்ளே நோக்கவும் இயலாது, படி எடுத்து வைக்கவும் இயலாது என்பர். இது பெரிதும் உண்மை. மறைகுறிச் சான்றிதழைக் கட்டணமின்றி வழங்கும் அமைப்பு 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் தன் வாயிலைத் திறந்தது. 2018 சூலை முதல் குரோம் பிரௌசர் மறைகுறியில்லாத் தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று குறிக்கத் தொடங்கிற்று. எம் பல்கலைக்கழகத் தளம் அந்நாள் மறைகுறியின்றி இருந்ததும் எம் இழப்புக்கு ஒரு காரணமே. பழி முழுவதையும் பதிலாள்மேல் ஏற்றுதல் நேர்மையாகாது. ஆயினும் மறைகுறி இல்லாத தளங்கள் அற்றொழியவில்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிரும் இடரோ மறைகுறியால் நீங்குவதன்று. முகவரிகள் போதாமையால், ஒரு பொது முகவரியின் பின்னே பல வீடுகளை அமர்த்தும் முறை இன்று பரவியுள்ளது. அதன்பொருட்டே 2012 இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை ஒதுக்கினர். உங்கள் ரூட்டர் வெளிப்புற முகவரியாக அவ்வெண்ணைக் காட்டுமாயின், நீங்கள் தனிவீட்டில் இல்லை; ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கின்றீர். ஏதேனும் ஒரு தளம் காரணமின்றி உங்களைத் தடுத்தால், அண்டைக் குடித்தனக்காரர் என்ன செய்தார் என்று வினவவேண்டும்.

எனவே யாம் வேண்டுவது யாது? பதிலாளை ஒழியுங்கள் என்றன்று. சட்டப்படி சில பக்கங்களைத் தடுக்கவேண்டின் தடுங்கள் என்றே கூறுவோம். ஆனால் எம் வாயிலில் ஒருவனை நிறுத்தினீராயின், நிறுத்தியதை எமக்குக் கூறுங்கள். இது புதுவிதியுமன்று. 1997 சனவரியில் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 நெறிநூலே, நடுவே நிற்கும் ஒவ்வொரு ப்ராக்ஸியும் வயா என்னும் தலைப்பு வரியில் தன் பெயரை எழுதியே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டது. எம் வீட்டுக்கு வந்த விடையில் அவ்வரி இல்லை. நெறியிற் பணித்ததை யாரோ அழித்தனர். ஏஜ் வரியை அழிக்க மறந்தனர். சட்டத்தால் தடுக்கப்பட்டதைக் கூறுதற்கும் வழி உண்டு. 2016 பிப்ரவரியில் 451 என்னும் எண் அதற்கென ஏற்படுத்தப்பட்டது. நூல்களை எரிக்கும் ஆட்சியைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய புதினத்தின் பெயரிலுள்ள எண் அது. 404 என்று பொய் கூறுவதற்கும் 451 என்று மெய் கூறுவதற்கும் செலவு ஒன்றே.

உதவி எண்ணில் அமர்ந்திருப்போரை யாம் நோவதில்லை. அவர்க்கும் எவரும் கூறியிலர். வீட்டாரிடம் மறைத்த செய்தி தம் ஊழியரிடமும் மறைந்தே கிடக்கின்றது; அதனாலன்றோ பழுதில்லாத ரூட்டர் குப்பைக்குச் சென்றது? மாதக் கட்டணச் சீட்டின் பின்புறத்தில் எத்துணையோ நிபந்தனைகளைச் சிற்றெழுத்தில் அச்சிடுகின்றனர். 'எச்.டி.டி.பி. பக்கங்களை யாம் சேமித்து அளிக்கின்றோம். பழைய பக்கம் தோன்றினால் இன்னாரிடம் கூறுக. வேண்டாதார்க்கு நீக்கித் தருவோம்' என்று மூன்று வரி சேர்த்தால் தாள் கிழிந்துவிடாது. அந்த மூன்று வரியை வியாழன் இரவில் எம் தந்தையார் படித்திருப்பார். அவர் சிற்றெழுத்தையும் விடாது படிப்பவர்.

தமக்கையார் நவம்பரில் அத்தாளை மீண்டும் எழுதித் தேறினார். சூனில் அவருக்கு வாய்ப்பதாயிருந்த பள்ளி வேலை அதற்குள் வேறொருவர்க்குச் சென்றுவிட்டது. நிறுவனத்தார்க்கு யாம் எழுதிய மடலுக்கு, 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று பொறியே விடையளித்தது. அதனிடத்தும் ஒரு பதிலாள்! ஆயினும் இருவாரங் கழித்து, ரூட்டர் மாட்டிய அவ்வூழியர் வேறொரு வீட்டுக்கு வந்தவர் எம் வீட்டு வாயிலில் நின்றார். 'தம்பி, மேலத் தெருவில் ஒரு வீட்டில் இதே போலத் தொல்லை. நீங்கள் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தீர்களாமே, அது யாது?' என்றார். திண்ணையில் அமர்த்தி விளக்கினோம். தம் கைப்பேசியில் வைஃபையை இணைத்து, யாம் கூறக் கூற அவ்வெண்ணை இட்டார். வந்த பக்கத்தின் அடியில் தம் நிறுவனத்தின் பெயரைக் கண்டு சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, 192.0.2.1 என்று எழுதி, அதன்கீழ் ஒரு கோடும் இட்டுக்கொண்டார்.